பெரிய வண்டியும் அறுபத்தெட்டு கிலோவும்

மன்னிச்சுட்டேன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு சந்தேகமா இருக்கும். நான் லேசுல யாரையும் மன்னிக்கிற ஆளில்லை. ஒருத்தனை மன்னிக்கிறதுக்கு சந்தர்ப்பம் தட்டுல பூவும் பழமும் வெச்சுக்கினு வாசல் தேடியே வந்துச்சு. அப்பவும் நான் மன்னிக்கலை. அதைத்தான் சொல்லப்போறேன். "பொம்பளைக்கு இவ்ளோ வன்மம் ஆவாது"ன்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். எழுபது தாண்டிடுச்சு, இனிமே யாரு இன்னா சொன்னா எனக்கென்ன?

அப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு. எழுபதுகளோட ஆரம்பம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க வீடு. வீட்டுக்குள்ள ரெண்டு குழித்தறி. ஒண்ணுல எங்க நைனா, ஒண்ணுல நான். நான் சின்ன வயசுலேர்ந்தே வாட்டசாட்டமானவ. தறிக்குழியில காலை விட்டுக்கினு நாள் முழுக்க மிதிக்கிறவளுக்கு உடம்பு கொடி மாதிரியா இருக்கும்? எங்க தெருவுல அதை ஒரு குறையா யாரும் பேசினதில்லை. கல்யாண முகூர்த்தம் நெருங்கி அவசர வேலை வந்தா, "அந்தப் பொண்ணு கையில குடு, அடி அழுத்தமா விழும்"னுதான் சொல்வாங்க.

ஐயம்பேட்டையிலேர்ந்து என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. ரைஸ் மில்லு வெச்சிருந்த குடும்பம். மாப்ளையோட அம்மாவும் ரெண்டு அத்தைங்களும் பஸ்ஸுல வந்து, ஜட்கா பிடிச்சு எறங்கினாங்க. மாப்ளை மட்டும் தன்னோட மோட்டார் சைக்கிள்ல வந்தான். தெருவே திரண்டு வந்து நின்னுச்சு. மாப்ளையைப் பாக்க இல்லை, வண்டியைப் பாக்க.

பாக்க வேண்டிய வண்டிதான், அதை நான் இல்லேன்னு சொல்லமாட்டேன். சீமையில செஞ்ச ரெட்டை சிலிண்டர் வண்டி. மலையில டீத்தோட்டம் பாத்துக்கினு இருந்த ஒரு துரை, சொந்த ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. கன்னுக்குட்டி முதுகு மாதிரி அகலமான பெட்ரோல் டேங்கு. பெஞ்சு நீளத்துக்கு சீட்டு. பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் பூட்டு போட்ட தகரப் பொட்டி. துரையும் துரைசாணியும் மூட்டை முடிச்சோட அதுல ஏறினா, காலையில மெட்ராஸ், சாயங்காலம் மலையாம். தூரம் போறதுக்குன்னே செஞ்ச வண்டி. அது நின்ன இடத்துல பூமி லேசா அதிர்ற மாதிரி ஒரு சத்தம் வரும், குலை நடுங்குற சத்தம் இல்லை, பெரிய பாத்திரத்துல சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

நான் கேசரியும் பஜ்ஜியும் கொண்டுபோய் வெச்சேன். அவன் ஆளு ஒடிசல். ஊதினா பறந்துடுவான். என்னை ஒரு தடவை பாத்தான், ஜன்னல் வழியா வண்டியை நாலு தடவை பாத்தான். கேசரியை வழிச்சுத் தின்னான். அவங்க அம்மா, "இன்னாடா சொல்றே?"ன்னு கேட்டாங்க.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்குதும்மா. ஆனா என் வண்டி தாங்காது."

கூடத்துல எல்லாரும் சிரிச்சாங்க. தமாசு பண்றான்னு எங்க நைனாவும் சேந்து சிரிச்சாரு. அவன் தமாசு பண்ணலை. கையைத் தொடைச்சுக்கினு வெளக்கம் சொல்ல ஆரம்பிச்சான். எடை ஏற ஏற வேகம் செத்துப்போவுமாம். பின்னாடி பாரம் வெச்சா ஸ்பிரிங் உக்காந்துடுமாம். அதுக்காகவே அந்தத் தகரப் பொட்டி ரெண்டையும் கழட்டிப் போடப்போறானாம். பொட்டியையே தூக்கிப் போடறவன் என்னையா ஏத்திக்கினு போவான்? நான் தட்டைப் பிடிச்சுக்கினு அங்கேயே நின்னுக்கினு இருந்தேன். உள்ள போன்னு யாரும் சொல்லலை.

அதோட போயிருந்தா கூட விட்டிருப்பேன். போற வழியில எங்க தெருமுனை டீக்கடையில வண்டியை நிறுத்தினான். எங்க தெரு குழாயடிக்கு நேர் எதிருல அந்தக் கடை. டீயைக் குடிச்சுக்கினே, வண்டியைச் சுத்தி நின்ன ஆம்பளைங்க கிட்ட, "பொண்ணா அது, லோடுப்பா! லாரிக்குத்தான் ஆவும்"னு சொன்னான். குழாயடியில தண்ணி பிடிச்சுக்கினு இருந்த பொம்பளைங்க காதுலயும் விழுந்துச்சு. போதாதா? மறுநாள் காலையில தெருவுல எனக்குப் பேரு லோடு.

"லோடு வருது, வழி விடு." "லோடு வீட்டு நைனா வந்திருக்காரு." சின்னப் பசங்க என் பின்னாடி வந்து லாரி ஹாரன் மாதிரி கத்துவாங்க. அடுத்து ரெண்டு இடம் வந்துச்சு. ரெண்டு பேரும் டீக்கடையில விசாரிச்சுட்டு, வீட்டு வாசப்படி மிதிக்காமலே திரும்பிப் போயிட்டாங்க. அம்மா சாமி மேல பாரத்தைப் போட்டுட்டு அழுதாங்க. நைனா யாரையும் நிமிந்து பாக்கறதை விட்டுட்டாரு. நான் அழலை. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. எந்த டீக்கடையில அந்தப் பேரை வெச்சானோ, அதே டீக்கடையில, அதே வாயால அவனே அதைத் திருப்பி எடுத்துக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். மாப்ளையும் வேணாம், சமாதானமும் வேணாம். தறியில ஒவ்வொரு அடிக்கும் அதையேதான் நினைச்சுக்கினு இருந்தேன். அந்த வருசம் நான் நெய்ஞ்ச சேலைங்கள்லாம் பலகை மாதிரி அழுத்தமா இருந்துச்சுன்னு சொன்னாங்க. இருக்காதா பின்னே?

ஒரு வருசம் ஓடிப்போச்சு.

எங்க அம்மாவோட அண்ணன், என் தாய்மாமன், ரயில்வே ஸ்டேஷன் போற ரோட்டுல மெக்கானிக் ஷெட் வெச்சிருந்தாரு. ராணுவத்துல மோட்டார் பிரிவுல இருந்துட்டு வந்தவரு. அத்தை அப்ப அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க, அதனால மத்தியான சோறு நான்தான் டிபன் கேரியர்ல கொண்டுபோவேன். ஒருநாள் போனா, ஷெட்டுக்குள்ள அந்த வண்டி நிக்குது. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ருன்னு ஏறிடுச்சு.

"இது இங்க எதுக்கு மாமா வந்துச்சு?"

"குதிக்குதாம்மா. ஒரு சின்னக் கல்லு ஏறினா ஆளைத் தூக்கி அடிக்குதாம். இடுப்பு போச்சு, உக்காந்து எழுந்திரிக்க முடியலேன்னு வந்தான். மெட்ராஸ் வரைக்கும் போய்க் காட்டிட்டானாம், ஒருத்தனுக்கும் புரியலை. சீட்டுல தேங்காநாரை அடைச்சுப் பாத்தானாம், மேல தலகாணி போட்டுப் பாத்தானாம். ஒண்ணும் வேலைக்கு ஆவலை."

வண்டியைப் பாத்தேன். சொன்ன மாதிரியே செஞ்சிருந்தான். தகரப் பொட்டி ரெண்டும் இல்லை. பின்னாடி இருந்த இரும்புக் கேரியர் இல்லை. பின்சீட்டுக்காரங்க கால் வெக்கிற கட்டை கூட இல்லை. எலும்பும் தோலுமா நின்னுச்சு, அவனை மாதிரியே. எனக்கு அப்பவே பாதி வயிறு குளுந்துச்சு.

மாமா சாப்ட்டுட்டு வண்டியை எடுத்துக்கினு தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்தாரு. வர்றப்ப வாணல்ல போட்ட பொரி மாதிரி எகிறிக்கினு வந்தாரு. எறங்கினவரு குனிஞ்சு பின்சக்கரத்துப் பக்கம் எதையோ பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. ஒரு பழைய கால்கட்டையை எடுத்து மாட்டினாரு.

"பின்னாடி ஏறும்மா. ஒரு விசயம் பாக்கணும்."

"அந்த வண்டியில நான் ஏறமாட்டேன்."

"அட ஏறும்மா! மாமன் கூப்பிடறேன்."

தாய்மாமன் பின்னாடி உக்காந்து போனா ஊருல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. மாமா சாப்ட்டு முடிச்ச டிபன் கேரியரை மடியில வெச்சுக்கினு ஒருபக்கமா உக்காந்தேன். நான் உக்காந்ததும் வண்டி கொஞ்சம் எறங்குச்சு. ரொம்ப நாளா நின்னுக்கினே இருந்தவங்க உக்காந்து ஒரு பெருமூச்சு விட்டா எப்படி இருக்கும், அப்படி எறங்குச்சு.

தேரோடுற வீதி வழியா போனோம். அந்த வீதியில அப்ப குண்டும் குழியும்தான். நான் பல்லைக் கடிச்சுக்கினு, எப்படா தூக்கி அடிக்கும்னு காத்துக்கினு இருந்தேன். அடிக்கலை. சக்கரம் கீழ எறங்கி ஏறுது, அது எனக்குத் தெரியுது, ஆனா என் உடம்புக்கு வரலை. ஊரைத் தாண்டி வேலூர் ரோடு பிடிச்சோம். ரெண்டு பக்கமும் புளியமரம். மாமா காதுப்பக்கம் திரும்பி, "முள்ளைப் பாரு"ன்னாரு. அவர் தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். நாப்பது மைலு. அப்புறம் அம்பது. அறுபதைத் தொட்டப்போ வண்டியோட சத்தம் கூடுறதுக்கு பதிலா கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள இன்னும் எவ்வளவோ தெம்பு மிச்சம் இருக்குது, இதெல்லாம் அதுக்கு ஒரு வேலையே இல்லேன்னு தெரிஞ்சுச்சு. எதிருல வந்த பஸ்ஸோட காத்து அடிச்சப்ப கூட அசையலை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு. காத்துனால வந்துச்சுன்னுதான் மாமா கிட்ட சொன்னேன்.

தாமல் ஏரிக்கரையில நிறுத்தினாரு. ஏரி அப்ப ரொம்பி இருந்துச்சு. எறங்கி கேரியரைத் தெறந்தேன். அடித்தட்டுல கொஞ்சம் ரசம் மிச்சம் இருந்துச்சு, மூடி சரியா மூடாத கேரியர் அது. ஒரு சொட்டு சிந்தலை. என் சேலையில ஒரு கறை இல்லை. இந்தச் சொகுசை அப்புறம் நான் எதுலயும் பாத்ததில்லை. எங்க வீட்டுக்காரரு கடைசி வரைக்கும் சைக்கிள்தான் வெச்சிருந்தாரு, நல்ல மனுசன், ஆனா அந்த சைக்கிள் கேரியரு இருக்குதே, அது மனுசனுக்குச் செஞ்சது இல்லை.

மாமா கீழ உக்காந்து பின்சக்கரத்துப் பக்கத்து ஸ்பிரிங்கைக் காட்டினாரு. அதுக்கு அடியில ஒரு வளையம். வளையத்துல படிப்படியா மூணு வெட்டு.

"மொத வெட்டுல வெச்சா ஸ்பிரிங் தளர்வா நிக்கும், ஒத்த ஆளுக்கு. ரெண்டாவது, ரெண்டு பேருக்கு. மூணாவது, ரெண்டு பேரு, மேல மூட்டை முடிச்சு. துரை மூணாவதுல வெச்சிருக்கான். துரைசாணியும் பொட்டியும் இருந்தாங்களே! இவன் ஆளு அம்பது கிலோ தேறமாட்டான், அதுலயும் பொட்டியை வேற கழட்டிப் போட்டுட்டான். குதிக்காம இன்னா பண்ணும்?"

எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. தறியில உக்கார்றவளுக்கு இது தெரியாதா? பாவு நூலைக் கட்டின கயித்தை அளவுக்கு மேல இறுக்கினா இழை அறும், தளத்தினா நெசவு தொளதொளன்னு ஆவும். வேலைக்குத் தகுந்த இறுக்கம். அவ்ளோதான்.

"ஸ்பேனரை வெச்சு ரெண்டு பக்கமும் திருப்பினா ரெண்டு நிமிச வேலை. திருப்பிக் குடுத்துடறேன்"னு மாமா எழுந்தாரு.

"திருப்பாதீங்க மாமா."

அவரு என்னைப் பாத்தாரு. அவருக்கு எல்லாம் தெரியும், லோடுன்னு பேரு வெச்சது, வந்த இடம் திரும்பிப் போனது, எல்லாம். இருந்தாலும் தலையை ஆட்டினாரு. "அது தப்பும்மா. நம்பி வந்து விட்டிருக்கான். வேலை தெரிஞ்சும் செய்யலேன்னா நான் மெக்கானிக்கே இல்லை."

"செய்ய வேணாம்னு சொல்லலை. ஸ்பிரிங்கைத் தொடாம செய்யுங்க. பாரம் வெச்சா சரியாயிடும்னு சொல்லுங்க. அதுல பொய் ஏதாச்சும் இருக்குதா?"

"பொய் இல்லைதான். ஆனா..."

"மாமா, எனக்குப் பாவாடை தாவணி போட்டப்ப நீங்கதான் சீர் கொண்டாந்தீங்க. காதுல தோடு போட்டது நீங்க. என் கல்யாணத்துக்கும் நீங்கதான் சீர் செய்யணும். அந்தக் கல்யாணத்தையே அவன் கெடுத்துட்டான். அந்தச் சீருக்கு பதிலா இது ஒண்ணு செய்யுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கமாட்டேன்."

தாய்மாமன் சீருன்னு வாய் விட்டுக் கேட்டா எங்க பக்கத்துல எந்த மாமனாலயும் மறுக்க முடியாது. நான் அது தெரிஞ்சுதான் கேட்டேன். மாமா துணியை எடுத்துக் கையைத் தொடைச்சாரு. அப்புறம், "எவ்ளோ பாரம்னு கேப்பான். இன்னா சொல்றது?"ன்னாரு.

அதுக்கு நான் பதில் வெச்சிருந்தேன். திரும்பி வர்றப்ப ரயில்வே ஸ்டேஷன்ல நிறுத்தச் சொன்னேன். அங்க ஒரு எடை பாக்குற மிஷின் இருக்கும். மேல ஏறி நின்னு காசு போட்டா, சக்கரம் கலர் கலரா சுத்தி, டொக்குன்னு ஒரு அட்டை விழும். ஒருபக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். அறுபத்தெட்டு கிலோன்னு விழுந்துச்சு. திருப்பி ஜோசியத்தைப் படிச்சேன். 'தாங்கள் இளகிய மனம் உடையவர். பிறர் குற்றங்களை மன்னிக்கும் குணம் படைத்தவர்.' நான் சிரிச்ச சிரிப்புல ஸ்டேஷன் மாஸ்டரே வெளியில வந்து பாத்தாரு.

மறுநாள் அவன் வண்டியை எடுக்க வந்தான். மாமா எண்ணி ரெண்டே வார்த்தை பேசினாரு. "பெரிய வண்டி, பாரம் கேக்குது. பின்சீட்டுல ஒரு அறுபத்தெட்டு கிலோ கட்டி ஓட்டிப் பாருங்க." அவன் சிரிச்சானாம், பாரம் வெச்சா ஸ்பிரிங் உக்காந்துடாதான்னு கேட்டானாம். "கட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க"ன்னு மாமா சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தவரு சரியா சாப்பிடலை. எனக்கு அதுதான் கொஞ்சம் சங்கடம். மத்தபடி நான் நல்லாத்தான் சாப்ட்டேன், நல்லாத்தான் தூங்கினேன்.

ரைஸ் மில்லுக்காரனுக்கு மூட்டைக்கா பஞ்சம்? மூணாம் நாளே ஊருல வேடிக்கை ஆரம்பிச்சுடுச்சு. பின்சீட்டுல ஒரு அரிசி மூட்டை, குறுக்கும் நெடுக்குமா கயித்தால கட்டி, தூசி படாம இருக்க மேல ஒரு சிகப்புப் போர்வை. முன்னாடி இவன் நெஞ்சை நிமித்திக்கினு உக்காந்திருக்கான். ஐயம்பேட்டையிலேர்ந்து காஞ்சிபுரம், காஞ்சிபுரத்துலேர்ந்து செங்கல்பட்டு, எங்க போனாலும் மூட்டையோட போனான். இடுப்பு வலி போச்சு. வண்டி பழைய துரை வண்டியா ஆயிடுச்சு. மழை வந்தப்ப அவன் நனைஞ்சுக்கினு, மூட்டைக்கு மட்டும் தார்ப்பாய் போட்டுக்கினு போனதைப் பாத்தவங்க இருக்காங்க. சிகப்புப் போர்வையைத் தூரத்துலேர்ந்து பாத்துட்டு, "மாப்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னு நாலு பேரு கேட்டாங்களாம்.

அவனுக்கு வெக்கமே இல்லை. பெருமைதான். அதைத்தான் நான் நம்பி இருந்தேன். வண்டியைப் பத்தி அவன் ஒண்ணைக் கண்டுபிடிச்சா நாலு பேருக்குச் சொல்லாம அவனால இருக்க முடியாது.

ஒரு மாசம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை காலையில, எங்க தெருமுனை டீக்கடையில அவன் வண்டி நின்னுச்சு. என் தங்கச்சி ஓடி வந்து சொன்னா. நான் ஒரு குடத்தை எடுத்தேன். அட்டையை முந்தானையில முடிஞ்சுக்கினேன். குழாயடியில எனக்கு முன்னாடி பத்து குடம் இருந்துச்சு. எல்லாரும் எதிருலதான் பாத்துக்கினு இருந்தாங்க.

"கணக்கு வேணும்யா எல்லாத்துக்கும்"னு அவன் கை ஆட்டிப் பேசிக்கினு இருந்தான். "நான் மில்லுத் தராசுல வெச்சு வெச்சுப் பாத்தாச்சு. அறுபத்தஞ்சு வெச்சா லேசா தூக்குது. எழுபது வெச்சா மந்தம். அறுபத்தெட்டு, கரெக்டா அறுபத்தெட்டு. கருட வாகனத்துல சாமி வர்ற மாதிரி போவுது, ஒரு ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. இந்த வண்டிக்குன்னே அளந்து வெச்ச எடைய்யா அது!"

மாமா சொன்ன அறுபத்தெட்டு என் எடைதான், வண்டிக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. அறுபது வெச்சாலும் ஓடும், எழுபத்தஞ்சு வெச்சாலும் ஓடும். அறுபத்தஞ்சுக்குத் தூக்குது, எழுபதுக்கு மந்தம்னு அவனேதான் கதை கட்டிக்கினான். அவன் குழியை நான் தோண்டினது பாதிதான், மீதியை அவனே தோண்டினான்.

குடத்தைக் கீழ வெச்சுட்டு ரோட்டைத் தாண்டினேன். பொம்பளைங்க அந்தக் கடை வாசல்ல நிக்கிற வழக்கம் இல்லை.

"எவ்ளோ எடைன்னு சொன்னீங்க?"

அவனுக்கு என்னை அடையாளமே தெரியலை! வருசம் பூரா நான் அவனை நினைச்சு எரிஞ்சிருக்கேன், அவனுக்கு என் மூஞ்சி கூட நினைப்பு இல்லை. "அறுபத்தெட்டும்மா"ன்னான்.

"கூடக் கொறைய இருக்கலாமா?"

"கூடாது. ஒரு கிலோ கூடாது, ஒரு கிலோ கொறையக்கூடாது."

"அந்த எடை பின்னாடி இருந்தாத்தான் வண்டிக்கு சொகுசா?"

"அது இல்லேன்னா வண்டியே இல்லைம்மா."

முந்தானையை அவுத்து அட்டையை எடுத்து டீ மாஸ்டர் கிட்ட குடுத்தேன். "சத்தமாப் படிங்கண்ணா." அந்த மனுசன் ஜோசியப் பக்கத்தைப் பிடிச்சுக்கினு, "தாங்கள் இளகிய மனம் உடையவர், பிறர் குற்றங்களை..."ன்னு ஆரம்பிச்சாரு.

"அது கெடக்குது. திருப்பிப் படிங்க."

"எடை, அறுபத்தெட்டு கிலோ."

"என்னோட எடை அது. போன வருசம் இதே எடத்துல நின்னுக்கினு லோடுன்னு சொன்னீங்களே, அந்த லோடு நான்தான். அது இல்லேன்னா வண்டியே இல்லைன்னு இப்ப நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லலை."

முதல்ல குழாயடியில ஒரு கெழவி சிரிச்சா. அப்புறம் மொத்தக் குழாயடியும். அப்புறம் கடை. டீ மாஸ்டர் அட்டையை அவன் கையில குடுத்தாரு, அவன் அதைப் பாத்தான், மூட்டையைப் பாத்தான், என்னைப் பாத்தான். வண்டியை உதைச்சான், கெளம்பலை. மறுபடி உதைச்சான். நாலாவது உதைக்குக் கெளம்புச்சு. மூட்டையோடயே போனான். பசங்க பின்னாடியே ஓடினாங்க, "மூட்டை மாப்ளை! மூட்டை மாப்ளை!"ன்னு. நான் வந்து என் குடத்தை எடுத்தேன். பத்து குடமும் நகந்து எனக்கு வழி விட்டுச்சு.

அன்னியோட லோடுங்கிற பேரு போச்சு. எனக்கு அது போதும்தான். ஆனா அவங்க விடலையே.

எட்டாம் நாள் ஜட்காவுல அவங்க அம்மா வந்து எறங்கினாங்க, தட்டுல பூவு, பழம், வெத்தல பாக்கோட. பின்னாடியே வண்டி, மூட்டை, அவன். எங்க அம்மாவுக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. நைனா மாமாவுக்கு ஆள் அனுப்பினாரு. ஒரு வருசத்துக்கு அப்புறம் நைனா நிமிந்து உக்காந்ததை அன்னிக்குத்தான் பாத்தேன். அதைப் பாத்து எனக்கு மனசு கொஞ்சம் எளகினது நிஜம். அவன் மட்டும் அப்ப ஒழுங்கா ஒரு வார்த்தை பேசியிருந்தா இன்னா ஆயிருக்குமோ.

அவன் தொண்டையைக் கனைச்சுக்கினு, "வண்டி விசயத்துல நான் கொஞ்சம் தப்பா நினைச்சுட்டேன்"னான்.

வண்டி விசயத்துல!

அவங்க அம்மா என் கன்னத்தைத் தொட்டு, "உன் எடைதாம்மா எங்க வண்டிக்கு ராசி"ன்னாங்க.

அந்த அம்மா நல்லெண்ணத்துலதான் சொன்னாங்க, பாவம். மாமா கிட்ட போய்க் கையை நீட்டினேன். அவரு ஷெட்டுலேர்ந்து அப்படியே வந்திருந்தாரு, இடுப்புத் துணியில ஸ்பேனரு எப்பவும் இருக்கும். கொக்கி மாதிரி வளைஞ்ச அந்த ஸ்பேனரை எடுத்து என் கையில வெச்சாரு.

வாசலுக்குப் போனேன். எல்லாரும் பின்னாடியே வந்தாங்க. முதல்ல கயித்தை அவுத்து மூட்டையைத் தள்ளினேன். தொப்புன்னு மண்ணுல விழுந்துச்சு. சேலையைச் சொருகிக்கினு குத்துக்கால் போட்டு உக்காந்து, வளையத்துல ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். துரு பிடிச்சு இறுகிக் கெடந்துச்சு. எழுந்து நின்னு என் மொத்த எடையையும் அது மேல போட்டேன். மூணாவது வெட்டுலேர்ந்து ரெண்டாவது, ரெண்டாவதுலேர்ந்து முதல் வெட்டு. டக்கு, டக்குன்னு எறங்குச்சு. சுத்தி வந்து அடுத்த பக்கமும் அதே மாதிரி.

கையைத் தட்டிக்கினு, "முடிஞ்சுது. இனிமே ஒத்த ஆளா போலாம். பாரம் தேவையில்லை"ன்னேன்.

அவன் குனிஞ்சு வளையத்தைப் பாத்தான். சீட்டைக் கையால அழுத்திப் பாத்தான். மெத்து மெத்துன்னு எறங்கி ஏறுச்சு. முகம் வெளுத்துப்போச்சு.

"இது... மொதல்லயே திருப்பியிருக்கலாமா?"

மாமா வாயைத் தெறக்கறதுக்குள்ள நான் முந்திக்கினேன். "திருப்பியிருக்கலாம், ரெண்டு நிமிச வேலை. நான்தான் வேணாம்னேன்"னு சொன்னேன்.

ஒரு மாசத்துக்கு மேல அரிசி மூட்டையைக் கட்டிக்கினு ஊரைச் சுத்தினதெல்லாம் அவன் கண்ணுல வந்து போறது எனக்கு நல்லா தெரிஞ்சுச்சு. எங்க அம்மா பின்னாடி அழுதாங்க. அவங்க அம்மா தட்டை எடுத்துக்கினு ஜட்காவுல ஏறினாங்க, ஜட்காக்காரரு மூட்டையைத் தூக்கி அவங்க பக்கத்துல வெச்சாரு.

அவன் வண்டியைக் கெளப்பினான். குழாயடி முனையில ஒரு பள்ளம் இருக்குது, நேத்து வரைக்கும் மூட்டை இல்லாம வந்திருந்தா அவனைத் தூக்கி அடிச்சிருக்கிற பள்ளம். தெருவே எட்டிப் பாத்துக்கினு நின்னுச்சு. சக்கரம் எறங்கி ஏறுச்சு, அவன் கொஞ்சம் கூட அசையலை. ஒத்தையா, சொகுசா போனான்.